ஜின்சு ஆற்றங்கரையில்

ஜப்பான் நாட்டின் மேற்குக் கரையில், பனி மூடிய மலைகளுக்கும் கடலுக்கும் இடையே டொயாமா என்னும் சமவெளி பரந்து கிடக்கிறது. தெற்கே மலைகளிலிருந்து இறங்கி வரும் ஜின்சு ஆறு இதனை வளப்படுத்திக் கடலில் கலக்கிறது. கோடையில் அங்குச் செல்வோர் கண்ணுக்கெட்டிய தூரம் நெற்பயிரையே காண்பர். அந்தப் பசுமைக்கு அடியில் ஒரு துயர வரலாறு புதைந்து கிடப்பதைப் பார்த்தவுடன் அறிய இயலாது.

டொயாமா நகரில் 2012 ஆம் ஆண்டு திறக்கப்பட்ட அரும்பொருளகம் ஒன்று அதனை எடுத்துரைக்கிறது. அதன் பெயரே நெஞ்சை உலுக்கும். 'இத்தாய் இத்தாய்' நோய் அரும்பொருளகம் என்பது அதன் பெயர். 'வலிக்கிறதே, வலிக்கிறதே' என்பது அச்சொற்களின் பொருள். நோயுற்றோர் அலறிய அலறலே நோய்க்குப் பெயராயிற்று.

அவர்களுள் பெரும்பாலோர் நடுவயதைக் கடந்த உழவர் குடும்பத்துத் தாய்மார். பல பிள்ளைகளைப் பெற்று வளர்த்தவர்கள். முதலில் இடுப்பும் தொடையும் வலித்தன. பின்னர் இருமினாலே எலும்பு முறிந்தது. ஊழ்வினையால் வந்த நோய் என்று ஊரார் ஒதுக்கியதால், குடும்பத்தார் அவர்களை வீட்டுக்குள் மறைத்து வைத்தனர்.

ஆற்றின் வழியே மேலே சென்றால் கமியோகா சுரங்கத்தை அடையலாம். மிட்சுயி நிறுவனம் அங்கு ஈயமும் துத்தநாகமும் எடுத்தது. துத்தநாகத் தாதுவோடு கலந்திருந்த காட்மியம் கழிவுடன் ஆற்றில் இறங்கியது. வாய்க்கால் வழியாக வயலுக்குள் புகுந்து மண்ணில் தங்கியது. மண்ணிலிருந்து நெல்லுக்கும், சோற்றிலிருந்து மனிதரின் சிறுநீரகத்துக்கும் சென்றது. சிறுநீரகம் பழுதுபடவே எலும்புக்கு உரமூட்டும் சத்துக்கள் சிறுநீரோடு வெளியேறின. நீரில் கரைந்த காட்மியத்திற்கு நிறமில்லை, மணமில்லை. சோற்றின் சுவையும் மாறுவதில்லை. ஆனால் உடலில் புகுந்ததில் பாதி குறைவதற்கே பத்து முதல் முப்பது ஆண்டுகள் ஆகும்.

ஹகினோ நொபோரு என்னும் உள்ளூர் மருத்துவர், சுரங்கக் கழிவே இந்நோய்க்குக் காரணம் என்று 1957 இல் அறிவித்தார். அவருக்குக் கிடைத்தது பாராட்டன்று, பழிச்சொல்லே. 'எங்கள் அரிசியை யார் வாங்குவார்? எங்கள் வீட்டிற்கு யார் பெண் கொடுப்பார்?' என்று ஊராரே அஞ்சினர். எனினும் ஆராய்ச்சியாளர் துணையுடன் அவர் உண்மையை நிலைநாட்டினார். 1968 இல் அரசு அதனை ஏற்றது. அவ்வாண்டே மக்கள் வழக்குத் தொடுத்து, 1972 இல் மேல்முறையீட்டிலும் வென்றனர்.

வென்ற மறுநாள் அவர்கள் பெற்ற உறுதிமொழிகளே இவ்வரலாற்றின் சிறப்பு. நோயாளிகளுக்கு இழப்பீடு தரவேண்டும், மண்ணைச் சீர்செய்யவேண்டும், மக்கள் வல்லுநருடன் எந்நேரமும் ஆலைக்குள் சென்று பார்வையிடலாம், அதன் செலவும் நிறுவனத்தையே சாரும். அன்றுமுதல் ஆண்டுதோறும் அவர்கள் சென்று பார்த்து வந்தனர். சுரங்க வேலை 2001 இல் நின்ற பின்னும் பார்வையிடல் நிற்கவில்லை. ஆற்று நீரில் காட்மியம் இயற்கை அளவுக்கு இறங்கியது.

மண்ணோ அத்தனை எளிதில் இணங்கவில்லை. கெட்ட மேல்மண்ணைத் தோண்டி ஆழத்தில் புதைத்தனர். அதன்மேல் சரளை பரப்பி இறுக்கினர். மலையிலிருந்து நல்ல மண் கொணர்ந்து மூடினர். சில இடங்களில் பழைய மண்ணின் மேலேயே புதுமண் பரப்பினர். இவ்வாறு 863 ஹெக்டேர் நிலம் 1979 தொடங்கி 2012 வரை சீர்செய்யப்பட்டது. செலவு ஏறத்தாழ 4,070 கோடி யென். வேலை தொடங்கியபோது மண்வெட்டி பிடித்த இளைஞர், அது முடிவுற்றபோது முதியவராகியிருப்பர்.

ஆலைக்கழிவைக் கால்வாயில் விடுவதற்கு ஒரு நாள் போதும். மண்ணிலிருந்து அதனை அகற்ற ஒரு தலைமுறை வேண்டும். நம் ஊர் ஆலையின் கழிவு எங்கே செல்கிறது என்று கேட்பது எவருடனும் பகை கொள்வதாகாது. நாளை நம் பிள்ளைகளின் தட்டில் விழும் சோற்றைக் காப்பதாகும். ஜின்சு ஆற்றங்கரை மக்கள் அதனைக் கேட்டனர். ஆனால் முந்தி நோயுற்ற தாய்மாருக்கு அந்தக் கேள்வி காலங்கடந்தே வந்தது.