அழைப்பொலியும் அத்தையின் செவியும்

தாராபுரத்தில் வாழும் எங்கள் அத்தை, முப்பது ஆண்டுகள் நூற்பாலையில் உழைத்தவர். கைப்பேசி ஒலித்தால் அவருக்குக் கேட்பதில்லை. வெளியூரிலுள்ள மகன் பலமுறை அழைத்தும் பதில் கிடைக்காமல் கலங்கிப்போனான்.

முதலில் கருவியைக் கவனித்தோம். பாட்டின் ஒலியளவு வேறு, அழைப்பின் ஒலியளவு வேறு. பின்னதை அமைப்புகளில் முழுவதும் உயர்த்தினோம். ஒலித்துளையில் அடைந்திருந்த தூசியை உலர்ந்த மென்தூரிகையால் அகற்றினோம். அண்டை வீட்டாருக்குக்கூடக் கேட்டது. அடுக்களையிலிருந்த அத்தைக்கு எட்டவில்லை.

ஆண்டுக்கணக்கில் கேட்கும் பேரிரைச்சல் உட்செவியின் நுண்மயிர் அணுக்களைச் சிதைக்கிறது. அவை மீண்டும் முளைப்பதில்லை. கீச்சொலிகளே முதலில் மறைகின்றன. 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டத்தின் மூன்றாம் அட்டவணையிலும் இரைச்சலால் நேரும் செவிக்குறை இடம்பெற்றிருந்தது.

ஆதலால் கீச்சென்ற மெட்டை நீக்கி, தாழ்ந்த சுருதியுள்ள மணியோசையை வைத்தோம். அழைப்பு வரும்போது விளக்கு மின்னவும் செய்தோம். இப்போது மகனின் அழைப்பைத் தவறாமல் எடுக்கிறார். செவிப் பரிசோதனைக்கும் இசைந்துள்ளார்.

ஆலைக்குச் செல்லும் இளையோரே, காதடைப்பான் அணிவதைச் சுமையென எண்ணாதீர்கள். கருவியின் ஒலியைக் கூட்டிக்கொள்ளலாம். இழந்த செவிப்புலனை மீட்பது அரிது.