கால்வாய்க் கரையில் இரண்டு வாசல்கள்

மான்செஸ்டரில் அடிதடிக்குப் பேர்போன மதுக்கூடங்களும், சண்டை குறைவு என்று பெயர் வாங்கிய கே பார்களும் கால் மணி நேர நடைத் தொலைவில். வித்தியாசம் எங்கே?

கோவையைத் தென்னிந்தியாவின் மான்செஸ்டர் என்று பாடப் புத்தகத்தில் படித்தே வளர்ந்த தலைமுறைகள் உண்டு. அசல் மான்செஸ்டரில் இன்று பஞ்சுப் பொதியும் இல்லை, ஆலைச் சங்கும் இல்லை. செங்கல் மில்களும் கிடங்குகளும் அடுக்குமாடிக் குடியிருப்புகளாகிவிட்டன. பஞ்சும் நிலக்கரியும் ஏற்றிவந்த படகுகளுக்காக 1804இல் முழுமையாகத் திறக்கப்பட்ட ராச்டேல் கால்வாய் மட்டும் நகரின் நடுவே ஒன்பது மதகுகள் வழியாகப் படிப்படியாக இறங்கிக்கொண்டிருக்கிறது.

இந்தக் கால்வாயின் கரையில் மேற்கேயிருந்து கிழக்கே நடந்தால் மான்செஸ்டரின் இரண்டு விதமான இரவுகளைப் பார்த்துவிடலாம். மேற்கே டீன்ஸ்கேட் பக்கம் ரயில் பாலத்தின் வளைவுகளுக்கு அடியில் இளைஞர் கூட்டம் நிரம்பி வழியும் மதுக்கூடங்கள். கிழக்கே கனால் ஸ்ட்ரீட். தன்பால் ஈர்ப்பாளர்களின் பார்கள் வரிசையாக இருக்கும் இந்தத் தெருவுக்கும் சுற்றுப்புறத்துக்கும் ஊரார் வைத்திருக்கும் பெயர் 'கே வில்லேஜ்'. மழை தூறும் வெள்ளிக்கிழமை இரவிலும் இரண்டு இடங்களிலும் வாசலில் வரிசை நிற்கும். இரண்டு இடங்களிலும் கறுப்பு அங்கி போட்ட பவுன்சர்கள் நிற்பார்கள். ஆனால் அவர்கள் கவனிக்கும் திசை வேறு.

டீன்ஸ்கேட் பக்கத்து பவுன்சரின் ஒரு கண் எப்போதும் உள்ளே இருக்கும். சண்டை அங்கிருந்துதான் கிளம்பும். கனால் ஸ்ட்ரீட் பவுன்சருக்கு நெடுநாள் வேலையே வெளியே பார்ப்பதுதான். ஆபத்து தெருவிலிருந்து வரும்.

ஒரே கட்டடம், இரண்டு கூட்டம்

இந்த வித்தியாசத்தை ஒரே கூரையின் கீழ் பார்த்த கட்டடம் ஒன்று விட்வொர்த் தெரு மேற்கில் இருந்தது. ஃபாக்டரி ரெக்கார்ட்ஸ் இசை நிறுவனமும் நியூ ஆர்டர் குழுவும் சேர்ந்து 1982 மே மாதம் திறந்த ஹாசியெண்டா. 1984 ஜனவரியில் மடோனா பிரிட்டிஷ் தொலைக்காட்சிக்காக இங்கே ஆடிப் பாடினார். எண்பதுகளின் கடைசியில் உலகம் முழுக்கப் பெயர் பெற்ற நடனக் கூடமாக இது ஆனபோது, பின்னாலேயே போதை மருந்துக் கும்பல்களும் வந்து சேர்ந்தன. வாசலை யார் கையில் வைத்திருக்கிறார்களோ, உள்ளே மாத்திரை விற்கும் உரிமையும் அவர்களுக்கே. அதற்காகக் கும்பல்கள் மோதின. வாசல் காவலர்களுக்கே துப்பாக்கி காட்டப்பட்டது. 1991 ஜனவரியில் நிர்வாகமே கூடத்தை மூடியது. சில மாதங்கள் கழித்து உலோகம் கண்டறியும் கருவியோடு மறுபடி திறந்தது. பத்திரிகைகள் ஊரின் பெயரையே துப்பாக்கியோடு சேர்த்து 'கன்செஸ்டர்' என்று எழுதின.

அதே 1991இன் பிற்பகுதியில், அதே கூடத்தில், மாதம் ஒரு புதன்கிழமை 'ஃபிளெஷ்' என்ற பெயரில் தன்பால் ஈர்ப்பாளர்களுக்கான இரவு தொடங்கியது. கட்டடம் அதுவே, மேடை அதுவே. வடக்கு இங்கிலாந்து முழுவதிலிருந்தும் பஸ் பிடித்து வந்தார்கள். வாசலில் கேள்வி தலைகீழானது. மற்ற இரவுகளில் 'ஆயுதம் இருக்கிறதா?' ஃபிளெஷ் இரவில் 'இது யாருக்கான இரவு என்று தெரியுமா?' சந்தேகத்துக்கு இடமான ஆண் கூட்டத்தை வாசலிலேயே திருப்பி அனுப்பினார்கள். கும்பல்களுக்கும் இந்த இரவில் தலைகாட்டக் கௌரவம் இடம்கொடுக்கவில்லை. ஊரின் மிக ஆபத்தான நடனக் கூடம் என்று பெயரெடுத்த இடம், மாதத்தில் ஒரு நாள் ஊரின் குதூகலமான இடமாக இருந்தது.

ஹாசியெண்டா 1997இல் மூடப்பட்டது. கட்டடம் இடிக்கப்பட்டு, அதே பெயரில் அடுக்குமாடி வீடுகள் நிற்கின்றன.

முறைப்பும் அழைப்பும்

மதுக்கூடச் சண்டை எப்படித் தொடங்குகிறது என்பதில் பெரிய மர்மம் எதுவும் இல்லை. ஒருவன் இடித்துவிடுகிறான், பீர் சிந்துகிறது. ஒருவன் இன்னொருவனைப் பார்க்கிறான், 'என்னடா பார்வை?' என்கிறான் மற்றவன். கூட வந்த பெண்ணிடம் எவனோ பேசுகிறான். சுற்றிலும் நண்பர்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போது பின்வாங்கினால் மானம் போய்விடும். அடி விழுந்துவிடுகிறது. பெரும்பாலும் அடிப்பவனும் ஆண், அடிபடுபவனும் ஆண், இருவருமே இளவட்டங்கள்.

கே பாரில் இந்தக் கணக்கு புரண்டுவிடுகிறது. ஓர் ஆண் இன்னோர் ஆணை உற்றுப் பார்த்தால் அங்கே அது முறைப்பு, இங்கே அது அழைப்பு. பிடிக்கவில்லையென்றால் முகத்தைத் திருப்பிக்கொண்டால் போதும். போட்டியாளனும் காதலிக்கத் தக்கவனும் ஒரே கூட்டத்தில் இருப்பதால் மார்பை நிமிர்த்திக் காட்டுவதன் அர்த்தமே மாறிவிடுகிறது. இருபது வயதும் அறுபது வயதும் ஒரே மேடையில் சாய்ந்து நிற்பது சாதாரணம். ஆளுக்கு ஆள் தெரிந்த சின்ன வட்டம். கலாட்டா செய்து ஒரு பாரில் நுழையக் கூடாது என்றாகிவிட்டால், போவதற்கு வேறு இடங்கள் அதிகம் இல்லை.

இதை வைத்து கே பார் என்பது ஆசிரமம் என்று யாரும் நினைத்துக்கொள்ள வேண்டியதில்லை. பழைய காதலன் புதியவனோடு வந்து நின்றால் கோப்பை பறக்கும். பொறாமையும் போதையும் எல்லாருக்கும் பொதுதான். ஜோடிகளுக்குள் நடக்கும் அடியும் உண்டு. அது பெரும்பாலும் வெளியே வருவதில்லை.

இன்னொரு காரணமும் இருந்தது. அது அவ்வளவு மகிழ்ச்சியானதல்ல. நெடுங்காலம் சண்டை போடும் துணிச்சலே அங்கே யாருக்கும் இல்லை. சண்டை வந்தால் போலீஸ் வரும். போலீஸ் வந்தால் பெயர் கேட்கும். பெயர் பத்திரிகையில் வந்தால் வேலை போகும், வீடு போகும்.

புகார் கொடுத்தவர் குற்றவாளி

இந்தப் பயம் கற்பனை அல்ல என்பதற்குச் சாட்சி கனால் ஸ்ட்ரீட்டை ஒட்டிய சாக்வில் தோட்டத்தில், ஒரு பெஞ்சில் வெண்கலச் சிலையாக உட்கார்ந்திருக்கிறது. கையில் ஆப்பிளோடு இருப்பவர் ஆலன் டூரிங். இரண்டாம் உலகப் போரில் ஜெர்மானியரின் ரகசியச் சங்கேதங்களை உடைத்த கணித மேதை. போருக்குப் பின் மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் கணினி ஆய்வில் இருந்தார். 1952 ஜனவரியில் அவர் வீட்டில் திருட்டு நடந்தது. சாதாரணக் குடிமகனைப்போல போலீசிடம் போனார். விசாரணையில் அவருக்கும் ஓர் இளைஞனுக்கும் இருந்த உறவு வெளிப்பட்டது. திருட்டுக் கொடுத்தவரே கூண்டில் நின்றார். சிறைக்குப் பதிலாக ஹார்மோன் ஊசியை ஏற்றுக்கொண்டார். 1954இல் இறந்தார். அரசியின் மன்னிப்பு வந்தது 2013 டிசம்பரில்.

இப்படி ஓர் ஊரில் தெருவில் உதைபட்டவன் எந்தத் தைரியத்தில் காவல் நிலையம் போவான்? 1967இல் சட்டம் ஓரளவு தளர்ந்த பிறகும் நிலைமை உடனே மாறிவிடவில்லை. 1976 முதல் 1991 வரை போலீஸ் தலைவராக இருந்த ஜேம்ஸ் ஆண்டர்டன், எய்ட்ஸ் பரவிய 1986இல், நோயாளிகள் தாங்களே உண்டாக்கிய சாக்கடையில் உழல்வதாகப் பேசிப் பெரும் சர்ச்சையைக் கிளப்பினார். அவர் காலத்தில் இதே கால்வாயில் போலீஸ் படகுகள் விளக்கடித்துத் துழாவின. அன்றைய பார்களின் ஜன்னல்கள் மறைக்கப்பட்டிருக்கும். கதவைத் தட்டினால் உள்ளிருந்து யாரோ முகத்தைப் பார்த்த பிறகே திறக்கும். அதுதான் அந்தக் காலத்துப் பாதுகாப்பு ஏற்பாடு.

1990இன் கடைசியில் கனால் ஸ்ட்ரீட்டில் 'மான்டோ' திறந்தது. கதவைத் தட்டி ஒளிந்து நுழைவது அலுத்துப்போன கரோல் ஐன்ஸ்கோவும் அவர் கூட்டாளியும் தொடங்கிய பார். முகப்பு முழுக்கக் கண்ணாடி. உள்ளே யார் இருக்கிறார்கள் என்பது தெருவுக்குத் தெரியும். தெருவில் யார் வருகிறார்கள் என்பதும் உள்ளே தெரியும். முதலில் ஜன்னலோரம் உட்காரப் பயந்தவர்களும் பிறகு அந்த இடத்துக்கே போட்டி போட்டார்கள். ஒரு தெருவின் பாதுகாப்பைப் பத்து பவுன்சர்களைவிட அதிகமாக மாற்றியது ஒரு கண்ணாடிச் சுவர்.

வெற்றி கொண்டுவந்த வம்பு

பயம் போனதும் கூட்டம் வந்தது. 1999இல் இந்தத் தெருவிலேயே படமாக்கி சேனல் 4 ஒளிபரப்பிய 'குயர் ஆஸ் ஃபோக்' தொடர் கனால் ஸ்ட்ரீட்டைச் சுற்றுலாத் தலமாக்கியது. முதலில் வந்தவர்கள் பெண்கள். வேறு மதுக்கூடங்களில் இடுப்பைத் தடவும் கைகளுக்குப் பயந்தவர்கள், இங்கே நிம்மதியாக ஆடலாம் என்று வந்தார்கள். கல்யாணத்துக்கு முந்திய தோழியர் விருந்துகளும் தலையில் இளஞ்சிவப்புத் துணியோடு வந்து இறங்கின. பெண்கள் வந்த இடத்துக்கு அவர்களைத் தேடி ஆண்கள் வந்தார்கள். அவர்களோடு பழைய முறைப்பும் வந்தது.

பெவர்லி ஸ்கெக்ஸ், லெஸ் மோரன் முதலிய ஆய்வாளர்கள் மான்செஸ்டரிலும் லங்காஸ்டரிலும் நடத்திய ஆய்வு 2004இல் நூலாக வந்தது. வன்முறையையும் பாதுகாப்பையும் பற்றிய அந்த ஆய்வில் இந்தச் சிக்கல் பதிவாகியிருக்கிறது. அடைக்கலம் தேடி வந்த பெண்கள் ஒரு பக்கம். தங்கள் கூடத்தில் தாங்களே வேடிக்கைப் பொருளாகிவிட்டதாகக் கசந்தவர்கள் மறுபக்கம். இருவர் பேச்சிலும் நியாயம் இருந்தது.

'நீ எங்கள் ஆள்தானா?' என்று வாசலில் கேட்கும் பழைய வழியும் இப்போது இல்லை. 2007இல் வந்த விதிகளும் பிறகு 2010ஆம் ஆண்டின் சமத்துவச் சட்டமும் பாலீர்ப்பைக் காரணம் காட்டி யாரையும் திருப்பி அனுப்பக் கூடாது என்கின்றன. தன்பால் ஈர்ப்பாளர்களைக் காக்க வந்த சட்டம். மற்றவர்களுக்கும் அதே கதவைத் திறந்துவிட்டது. அதனால் பவுன்சர் இன்று ஆளைப் பார்க்க முடியாது, நடத்தையைத்தான் பார்க்க வேண்டும். 2001ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பின் அவருக்குப் பயிற்சியும் உரிமமும் கட்டாயம். கும்பல்கள் வாசலைக் கைப்பற்றிய காலத்துக்கு அரசு கண்ட மருந்து அது.

ஆனால் எந்த பவுன்சராலும் தடுக்க முடியாத வகை ஆபத்தும் உண்டு. 1999 ஏப்ரல் 30 அன்று லண்டன் சோஹோவின் அட்மிரல் டங்கன் பாரில் ஒரு வெறியன் வைத்த ஆணிக் குண்டு மூன்று பேரைக் கொன்றது. 2016 ஜூன் 12 அன்று அமெரிக்காவின் ஆர்லாண்டோவில் பல்ஸ் கேளிக்கை விடுதியில் 49 பேர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அங்கே போலீஸ் அதிகாரி ஒருவர் காவல் பணியில் இருந்தும் தடுக்க முடியவில்லை. டீன்ஸ்கேட் பாரில் ஒருவனை அடிக்க இன்னொருவனுக்கு ஒரு சாக்கு வேண்டும். கே பாரைத் தாக்க வருபவனுக்கு உள்ளே இருப்பவர்கள் இருப்பதே சாக்கு. சண்டை குறைவு என்பதும் ஆபத்து குறைவு என்பதும் ஒன்றல்ல.

ராத்திரி ஏறியதும் கனால் ஸ்ட்ரீட் பவுன்சர்கள் டாக்சி வருகிற மூலைவரை கண்ணை ஓட்டிக்கொண்டிருக்கிறார்கள். தோட்டத்து பெஞ்சில் டூரிங் பக்கத்தில் யாராவது உட்கார்ந்து படம் எடுத்துக்கொள்கிறார்கள். அவர் பெற்றோருக்குத் தமிழ் மண்ணோடு உறவு உண்டு. அப்பா சென்னை மாகாணத்தில் ஐ.சி.எஸ். அதிகாரி. அம்மா சாரா, ரயில்வே பொறியாளரின் மகள், 1881இல் பிறந்தது கோவையை அடுத்த போத்தனூரில். அந்த மண்ணில் 1860இல் பிரிட்டிஷார் எழுதிவைத்த 377ஆம் பிரிவின் பிடியிலிருந்து, ஒப்புதலோடு சேரும் வயதுவந்தவர்களை உச்ச நீதிமன்றம் விடுவித்தது 2018 செப்டம்பர் 6 அன்று. அன்று முதல் தென்னிந்திய மான்செஸ்டரில் உதைபட்ட ஒருவன் காவல் நிலையப் படியேறினால், டூரிங்கைப்போல அவனே கூண்டில் நிற்க வேண்டும் என்று சட்டம் சொல்வதில்லை. படியேறும் தைரியம் வர வேண்டியதுதான் பாக்கி.