பச்சை மரத்தில் ஒரு கிண்ணம்

நம் இல்லங்களில் கடைசல் பிடித்த பொருள்கள் எத்தனை உள்ளன என்று தோழியர் எண்ணிப் பார்த்ததுண்டா? மோர் கடையும் மத்து, சப்பாத்திக் கட்டை, தம்பி சுற்றும் பம்பரம், பாட்டியின் கட்டில் கால், மாடிப்படிக் கைப்பிடியைத் தாங்கும் உருளைகள் ஆகிய யாவும் கடைசல் பட்டறையிலிருந்து வந்தவையே. தயிரைக் கடைவதற்கும் மரத்தைக் கடைவதற்கும் நம் மொழியில் ஒரே சொல்தான். அதற்குக் காரணமும் இருக்கிறது. முற்காலத்துப் பட்டறையில் மரத்தைச் சுற்றிக் கயிற்றைப் போட்டு ஒருவர் மாறி மாறி இழுப்பார்; மற்றொருவர் உளியைப் பிடிப்பார். மத்தில் கயிறு கட்டி இழுப்பதைப் போன்றதே அது. இன்று கயிற்றின் வேலையை மோட்டார் செய்கிறது.

கடைசல்காரர் எவரும் முதலில் கேட்பது, "மரம் காய்ந்ததா?" என்பதுதான். நாம் சிறு வயதில் வைத்து விளையாடிய அம்பாசமுத்திரம் மரச்செப்புகளைப் பாருங்கள். சிறு பானைக்கு மேல் சிறு மூடி. மரம் காயாமல் இருந்தால் ஒரே மாதத்தில் மூடி சேராது. கர்நாடகத்துச் சென்னபட்டணத்தில் பொம்மை கடைவோரும் வெட்பாலை மரத்தை நன்கு உலர்த்திய பிறகே உளி வைக்கிறார்கள். கும்பகோணத்துக்கு அருகிலுள்ள நரசிங்கம்பேட்டையில் நாதசுரம் செய்வோர் இன்னும் ஒரு படி மேலே போய், பழைய வீடுகளைப் பிரிக்கும்போது கிடைக்கும் ஆச்சா மரத்தைத் தேடி வாங்குகிறார்கள். 2022-இல் புவிசார் குறியீடு பெற்ற அந்த நாதசுரம், பல ஆண்டுகள் காய்ந்து இறுகிய கட்டையிலிருந்து பிறப்பது.

நான் எழுத வந்ததோ, வெட்டிய ஈரம் காயாத பச்சை மரத்தைப் பற்றி.

சிட்லபாக்கத்தில் தாத்தா வீடு கட்டிய ஆண்டு 1986. ஏரிப் பக்கத்து மண் என்பதால் எப்போதும் ஈரமாக இருக்குமாம். வேலிக்காக ஒரு பூவரசம் போத்தை வெட்டி வந்து பாட்டி ஊன்றி வைத்தார்கள். வேலி போய் மதில் வந்த பிறகும் பூவரசு நின்றது. காலையில் மஞ்சளாய்ப் பூத்து மறுநாள் செம்மை படர்ந்து உதிரும் அதன் பூக்களைப் பெருக்குவதே பாட்டியின் முதல் வேலை. அதன் இலையில் பீப்பி ஊதாத பிள்ளை எங்கள் தெருவில் இல்லை. கொழுக்கட்டையை அந்த இலையில் வைத்துத்தான் அவிப்பார்கள். வாழையிலையில் அவித்தால் அந்த மணம் வராது என்பது பாட்டியின் உறுதியான கருத்து, என்னுடையதும் அதுவே.

2023 டிசம்பர் 3-ஆம் நாள் இரவும் 4-ஆம் நாளும் மிக்ஜாம் புயல் மழை சென்னையை மூழ்கடித்தது அனைவருக்கும் நினைவிருக்கும். அந்த இரவில் பூவரசு வேரோடு சாய்ந்தது. நல்ல வேளையாகத் தெருப்பக்கம் சாய்ந்ததால் வீட்டுக்குச் சேதமில்லை. நீர் வடிந்ததும் விறகுக்கு விலை பேச இருவர் வந்தார்கள். "இதை விறகா எரிக்கக் கொடுக்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டுப் பாட்டி உள்ளே போய்விட்டார்கள். அன்று முழுவதும் அவர்கள் சரியாகச் சாப்பிடவில்லை.

"நாற்காலியோ முக்காலியோ செய்துகொள்ளலாம்" என்றார் அப்பா. கனத்த மரம் உலர அங்குலத்துக்கு ஓராண்டு என்று தச்சர்கள் கணக்குச் சொல்வார்கள். அப்பா அதைச் சொன்னபோது பாட்டி, "அத்தனை வருஷம் நான் இருக்கணுமே" என்றார்கள். யாரும் பதில் பேசவில்லை.

தாத்தா பெரம்பூர் ரயில்பெட்டித் தொழிற்சாலையில் கடைசல் பிரிவில் பணியாற்றி ஓய்வு பெற்றவர். ஆனால் அவர் கடைந்தது இரும்பு. ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு தவறினாலும் வேலையைத் திருப்பி அனுப்பிவிடும் இடம் அது. கண் அறுவைக்குப் பின் அவர் எந்தக் கருவியையும் தொடவில்லை. பச்சை மரத்தையே விரும்பி எடுத்து, பட்டையை விளிம்பாக விட்டு, மெல்லிய கிண்ணமாகக் கடையும் வழக்கம் வெளிநாடுகளில் உண்டு என்று எங்கோ படித்ததை அப்பா சொன்னபோது, தாத்தா ஒரு மணி நேரம் திண்ணையில் மௌனமாக உட்கார்ந்திருந்தார். பிறகு சட்டையை மாட்டிக்கொண்டு, என்னையும் அழைத்துக்கொண்டு, கட்டில் கால் கடையும் பட்டறை ஒன்றுக்குப் புறப்பட்டார்.

பட்டறை அண்ணாச்சிக்கு இதில் சிறிதும் விருப்பமில்லை. "ஐயா, பச்சைக் கட்டை வெடிச்சிடும். மெஷின்ல தண்ணி தெறிச்சுத் துருப்பிடிக்கும்" என்றார். "வெடித்தால் என் கட்டைதானே தம்பி? மெஷினை நானே துடைத்து எண்ணெய் போட்டுத் தருகிறேன்" என்றார் தாத்தா. ஞாயிற்றுக்கிழமை மட்டும் என்று உடன்பாடானது.

முதலில் கட்டையை அறுக்கும் முறையைச் சொல்ல வேண்டும். அடிமரத்தை அதன் குறுக்களவுக்குச் சமமான நீளத்தில் துண்டாக்கி, பின் நெடுக இரண்டாகப் பிளக்க வேண்டும். மரத்தின் நட்ட நடுவில் பென்சில் பருமனுக்கு ஓடும் நெஞ்சுப் பகுதியை அறவே நீக்கிவிட வேண்டும். வெடிப்பு தொடங்குவது அங்கேதான். இப்போது கையில் இருப்பது அரைவட்டக் கட்டை. அதன் தட்டையான பக்கம் கிண்ணத்தின் அடியாகும். பட்டையுள்ள வளைந்த பக்கம் வாயாகும். பட்டை வளைந்திருப்பதால் கிண்ணத்தின் விளிம்பும் வளைந்தே அமையும். மரத்தின் நீளவாக்கில் இரண்டு முனைகள் உயர்ந்தும் இரு பக்கங்கள் தாழ்ந்தும், ஒரு தோணியைப் போல இருக்கும்.

கட்டையை இரு முனைகளுக்கிடையே மாட்டி மோட்டாரை ஓட்டியபோது, பட்டறையே அதிர்ந்தது. சமமில்லாத கட்டை ஒவ்வொரு சுற்றிலும் உளியை ஒரு தரம் தட்டும், ஒரு தரம் விடும். "டக், டக், டக்" என்ற அந்த ஓசை மெல்ல மெல்லக் குறைந்து, "சர்ர்" என்று ஒரே நாதமாகும் வரை வெளிப்பக்கத்தைச் சீவ வேண்டும். பிறகு அடியில் ஒரு குமிழ் விட்டு, கட்டையைத் திருப்பி, குமிழை நாலு தாடை சக்கில் இறுக்கி, உள்ளே குடைய வேண்டும். இரும்புக் கடைசலில் உளியை இயந்திரமே பிடித்து நகர்த்தும். மரக் கடைசலில் உளியைத் தாங்குவதற்கு ஒரு பட்டை மட்டுமே உண்டு. மற்றதெல்லாம் கையும் தோளும். முதல் ஞாயிறு முழுவதும் தாத்தா அதற்குப் பழகினார்.

தாவரவியல் பாடத்தில் சைலம் குழாயைப் படம் வரைந்து பாகங்களைக் குறித்து முழு மதிப்பெண் வாங்கியிருக்கிறேன். அந்தக் குழாய்களிலுள்ள நீர் முகத்தில் தெறிக்கும் என்று அப்போது அறியேன்! உளி பட்டதும் சாறு மழைத்தூறலாய்ப் பறந்தது. சீவல்கள் தூளாக உதிராமல், நீண்ட ஈர நாடாக்களாகச் சுருண்டு தாத்தாவின் தோளில் விழுந்தன. காய்ந்த மரத்தில் இந்த இன்பம் இல்லை என்று அண்ணாச்சியே பிற்பாடு ஒப்புக்கொண்டார்.

அபாயமும் உண்டு. உயர்ந்த இரு முனைகளும் சுழலும்போது மின்விசிறி இறக்கையைப் போலக் கண்ணுக்குத் தெரியாமல் மறைந்துவிடும். மங்கலான நிழல் மட்டுமே தெரியும். அங்கே விரல் போனால் அவ்வளவுதான். ஆகவே என் வேலை, எட்ட நின்று விளக்குப் பிடிப்பது. அதற்கு இன்னொரு காரணமும் இருந்தது. ஈர மரம் மெல்லியதாகும்போது ஒளி அதனூடே கசியும். வெளியே பிடித்த விளக்கின் செந்நிற ஒளி உள்ளே எங்கும் ஒன்றுபோல் தெரிந்தால், சுவர் எங்கும் ஒரே கனம் என்று பொருள். தாத்தாவின் கண்ணுக்கு அந்த ஒளியே அளவுகோலாயிற்று.

முதற் கிண்ணம் மூன்றே நாளில் வெடித்தது. சுவர் மெல்லியது, அடி தடித்தது. மெல்லிய பகுதி முந்திக் காய்ந்து சுருங்க, ஈரமான அடி இடங்கொடுக்கவில்லை. பாட்டி அந்தப் பிளவை விரலால் தடவிப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் அலமாரியில் வைத்தார்கள். தாத்தா அன்றிரவு உறங்கவில்லை என்று அம்மா சொன்னார்கள்.

இரண்டாவதைச் சுவரும் அடியும் ஒன்றுபோல் 6 மில்லிமீட்டர் கனத்தில் முடித்தார். பட்டை பெயராமலிருக்க அதன் ஓரத்தில் பெவிக்விக் சொட்டினார். காற்று நேரே படாமல் அதே மரத்தின் சீவல்களோடு காகிதப் பையில் இட்டுக் கட்டி, பரணில் வைத்தோம். நாலு நாளுக்கு ஒருமுறை சமையலறைத் தராசில் எடை பார்த்துக் குறித்தேன். எடை இறங்கிக்கொண்டே வந்து, பிப்ரவரியில் நின்றது. மரத்தின் ஈரம் சுற்றியுள்ள காற்றோடு சமநிலைக்கு வந்துவிட்டது என்று அதற்குப் பொருள்.

பையைப் பிரித்தோம். வெடிப்பில்லை. நடுவில் வைரம் பாய்ந்த கரும்பழுப்பு, அதைச் சுற்றி வெளிர்நிற வளையம், விளிம்பில் சொரசொரப்பான பட்டை. ஆனால் தாத்தா வெர்னியரை எடுத்தார். நீளவாக்கில் 212 மில்லிமீட்டர், குறுக்கே 204. மரம் நார் ஓடும் திசையில் அநேகமாகச் சுருங்காது. குறுக்கே நன்கு சுருங்கும். ஆகவே வட்டமாய்க் கடைந்தது முட்டை வடிவாகிவிட்டது. நாற்பதாண்டு வட்டம் கடைந்த மனிதருக்கு இதைத் தாங்க முடியவில்லை. "எட்டு மில்லி! ரிஜெக்ட்!" என்றார்.

பாட்டிக்குக் கோபம் வந்துவிட்டது. "ஏங்க, அந்த மரம் என்னிக்கு நேரா நின்னுது? நட்ட நாள்லேருந்து தெருப்பக்கம் சாஞ்சுதான் நின்னுது. அதுக்கு எப்படி இருக்கத் தோணுதோ அப்படி இருக்கட்டும்" என்று கிண்ணத்தைப் பறித்துக்கொண்டார்கள். தேங்காயெண்ணெய் தடவி, துணியால் தேய்த்து, அன்று மாலையே அதில் முறுக்கு வைத்துத் தெருவில் நான்கு வீடுகளுக்குக் காட்டியாயிற்று.

ஹவாய்த் தீவுகளில் இதே பூவரசை மிலோ என்று அழைக்கிறார்கள் என்றும், உணவில் சுவை ஏறாத மரம் என்பதால் உண்கலங்கள் செய்ய அதை விரும்பி எடுத்தார்கள் என்றும் அப்பா வாசித்துக் காட்டினார். பாட்டிக்கு அது வியப்பாக இல்லை. "கொழுக்கட்டைக்கு ஆகுற மரம் அதுக்கு ஆகாதா?" என்றார்கள். தாத்தா மட்டும் இரகசியமாக மாதம் ஒருமுறை வெர்னியர் வைத்துப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார். அளவு மாறவில்லை.

கோடை விடுமுறையில் கடைசித் துண்டின் வெளிப்பக்கத்தை, தாத்தாவின் கை என் கைமேல் இருக்க, நான் சீவினேன். அது இப்போது கோலமாவுக் கிண்ணம்.

சென்ற மாதம் ராஜகீழ்ப்பாக்கத்தில் யாரோ வேப்பமரம் ஒன்றை வெட்டியிருக்கிறார்கள். கேட்காமலே அண்ணாச்சி ஒரு துண்டைக் கோணியில் சுற்றிக் கொண்டுவந்து எங்கள் திண்ணையில் போட்டுச் சென்றார். ஈரம் போகாமல் இரு முனைகளிலும் மெழுகு தடவி வைத்திருக்கிறோம். தேர்வு முடிந்ததும் நான் உளி பிடிப்பது, தாத்தா விளக்குப் பிடிப்பது என்று பேச்சு.