கடைசிப் பக்கம் இல்லாத மாயாவி

செப்டெம்பர் புத்தகக் கண்காட்சிக்கு கொழும்பு பீ.எம்.ஐ.சீ.எச். போனது வினாத்தாள் தொகுப்பு வாங்கத்தான். திரும்பி வந்தது மூன்று காமிக்ஸோடு. மனுசி விலையைப் பார்த்துவிட்டு ஒன்றும் பேசவில்லை. அதுதான் பயம்.

அதில் ஒன்று இரும்புக்கை மாயாவி. 1972இல் முத்து காமிக்ஸின் முதல் இதழாக வந்த ஆள். மின்சாரம் பாய்ந்தால் உடம்பு மறைந்துவிடும், கை மட்டும் தெரியும். சின்ன வயதில் வாப்பா பழைய பேப்பர் கடையிலிருந்து கொண்டுவந்த இதழில் அட்டையும் இல்லை, கடைசிப் பக்கமும் இல்லை. முடிவை எத்தனை விதமாகச் சொல்லிக்கொண்டு படுத்திருப்பேன்! இப்போது ஸ்பைடர்மேன் படம் எத்தனை பார்த்தாலும் அந்தத் தவிப்பு வருவதில்லை.

தரம் ஆறில் ஒரு பிள்ளை. வாசிக்கச் சொன்னால் தலையைக் குனிந்துகொள்வான். கலாசாலையில் நான் படித்த எந்த முறையும் அவனிடம் எடுபடவில்லை. திங்கட்கிழமை இடைவேளையில் மாயாவியை அவன் மேசையில் சும்மா வைத்துவிட்டுப் போனேன். வந்து பார்த்தால், விரலை வைத்து எழுத்துக்கூட்டிக்கொண்டிருக்கிறான்.

"சேர், இவரு எங்க போனாரு?"

"அடுத்த பக்கத்துல இருக்கு. வாசிங்க மகன்."

பள்ளிக்குக் கார்ட்டூன் புத்தகமா என்று ஓய்வறையில் ஒருவர் கேட்டார். நான் தேத்தண்ணியைக் குடித்துவிட்டு எழும்பி வந்துவிட்டேன்.

வீட்டுக்குக் கொண்டுபோகட்டுமா என்று அவனே கேட்டான். புத்தகம் இன்னும் திரும்பி வரவில்லை. நானும் கேட்கவில்லை.