ஏறுவதும் இறங்குவதும்

சைக்கிளில் ஏறுவதற்குக் காரணம் ஒன்றே; போக வேண்டிய இடம் இருக்கிறது. இறங்குவதற்கோ பல காரணங்கள் உண்டு. மேடு வந்தால் இறங்குகிறோம்; மழை வந்தால் இறங்குகிறோம்; சட்டம் சொன்னால் இறங்குகிறோம். இவையன்றி வேறொரு காரணமும் நம் தோட்டங்களில் இருந்தது. ஒரு நாட்பயணம் அதனை நமக்கு நினைவூட்டிற்று.

நாம் ஜொகூரில் ஒரு செம்பனைத் தோட்டத்துக் கிராணி, வயது 35. சிறு பிராயத்தில் சிங்கப்பூர் கிளமெண்டியில் சித்தி வீட்டில் தங்கி ஆங்கிலப் பள்ளியில் படித்தோம். அந்நாளில் சித்தப்பா வாங்கித் தந்த சைக்கிள் இன்னும் அவ்வடுக்குமாடி வீட்டுத் தாழ்வாரத்தில் நிற்கிறது. ஆண்டுக்கொருமுறை கடற்பாலம் கடந்து வந்து, அதற்கு எண்ணெய் விட்டுக் காற்றடித்து, தனியே நெடுவழி போய்த் திரும்புவது நமது வழக்கம்.

ஜூன் மாதத்து ஞாயிறு ஒன்றில், விடியுமுன் ஐந்தரை மணிக்குப் புறப்பட்டோம். "மேற்கே மின்னுதுப்பா, கொஞ்சம் பொறுத்துப் போ" என்றார் சித்தி. நாமோ கைப்பேசியைப் பார்த்து, மழை நண்பகலுக்குப் பிறகுதான் என்று அவருக்கே வானிலை கற்பித்துவிட்டு இறங்கினோம். உலு பாண்டான் கால்வாய்க் கரையோடு சென்று, பழைய இரயில் பாதையில் ஏறினோம். 2011ஆம் ஆண்டு ஜூன் 30ஆம் நாளுடன் இரயில் நின்றுபோன பாதை அது. தஞ்சோங் பகாரிலிருந்து வடக்கே 24 கிலோமீட்டர் நீளமுள்ள அவ்வழி, தண்டவாளம் நீங்கி, இன்று நடப்போர்க்கும் சைக்கிளோட்டிகளுக்கும் உரியதாயிற்று. புக்கிட் தீமா பழைய நிலையத்தைக் கடக்கையில் பறவைகள் விழித்தன. காற்றோ அடியோடு நின்றுவிட்டது.

சித்தி சொன்னதே பலித்தது. ஏப்ரல் முதல் நவம்பர் வரை இத்தீவுக்கு வரும் 'சுமத்ரா' என்னும் புயல்மழையை நேயர்கள் அறிவர். இரவில் சுமத்ராவின் மேலோ மலாக்கா நீரிணையின் மேலோ திரண்டு, கிழக்கு நோக்கி வரிசையாக நகர்ந்து, விடியலை ஒட்டி இங்கே மோதும். மணிக்கு 40 முதல் 80 கிலோமீட்டர் வேகத்தில் காற்று வீசும். ஹில்வியூ அருகே அது நம்மைப் பிடித்தது. மின்னல் மிகுந்த இந்நாட்டில் திறந்த வெளியில் சைக்கிள் மேல் இருப்பது அறிவன்று. எனவே சாலைப்பாலம் ஒன்றின் கீழ் ஓடி ஒதுங்கினோம்.

அங்கே முன்னமே மூன்று இளைஞர் ஒதுங்கியிருந்தனர், அறந்தாங்கிப் பக்கத்துப் பிள்ளைகள், கட்டுமான வேலை. விடுமுறை நாளாதலால் கிராஞ்சியிலுள்ள விடுதியிலிருந்து சைக்கிளிலேயே தேக்காவுக்குப் புறப்பட்டவர்கள். சாரல் படாத திண்டு ஒன்றே அங்கிருந்தது. நம்மைக் கண்டதும் அதில் இருந்த இளைஞர் சட்டென்று எழுந்து, "சார், நீங்க உட்காருங்க" என்றார். நாம் உட்கார்ந்தோம். அவர் சாரலில் நின்றார். உட்கார்ந்த பிறகே அது நெஞ்சில் தைத்தது.

தைத்ததன் காரணத்தைச் சொல்லிவிடுகிறோம். நம் தோட்டத்தில் பெரியவர் ஒருவர் இருக்கிறார். பால்மரம் வெட்டி ஓய்ந்தவர். ஆபீஸ் பாதையில் நாம் எதிர்ப்பட்டால் சைக்கிளிலிருந்து இறங்கி, நாம் கடந்துபோகும் வரை நிற்பார். அப்படி இறங்க வேண்டுமென்னும் விதி ஒழிந்து எத்தனையோ காலமாயிற்று. எவரும் அவரை இறங்கச் சொல்லவில்லை. நாமும் ஒன்பது ஆண்டுகளில் ஒருநாளேனும் இறங்க வேண்டாமென்று சொல்லவில்லை, தலையசைத்துப் போனோம். உண்மையை மறைப்பானேன்? அது நமக்கு இனித்தது.

1941ஆம் ஆண்டில் சிலாங்கூரின் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தனர். சீனத் தொழிலாளர்க்கு நிகரான கூலி, பிள்ளைகளுக்குக் கல்வி, மருத்துவ வசதி, கள்ளுக்கடை மூடல் என்று அவர்கள் கேட்டவை பல. அப்பட்டியலில் ஒன்று, வெள்ளைத் துரைமார் முன்பும் ஆசிய உத்தியோகத்தர் முன்பும் சைக்கிளிலிருந்து இறங்காமலே செல்லும் உரிமை! அவர்களுக்குத் தலைமை தாங்கிய ஆர். எச். நாதன் கைதாகி நாடு கடத்தப்பட்டார். படை வரவழைக்கப்பட்டது; தொழிலாளர் உயிர்களும் போயின. கூலி கேட்டவர்கள் ஏன் இதையும் கேட்டார்கள்? வயிறு நிறைந்தாலும் நாள்தோறும் பாதையோரத்தில் சிறுமைப்படுபவன் முழு மனிதனாக இருக்க முடியாது என்பதை அவர்கள் அறிந்திருந்தார்கள். துரைமாரைப் பற்றிப் பேசுவது நமக்கு எளிது. ஆனால் அந்த 'ஆசிய உத்தியோகத்தர்' யார்? கண்டக்டர்மாரும் நம்மைப் போன்ற கிராணிமாருமே அன்றோ!

திண்டில் நகர்ந்து இடம் விட்டோம். "இரண்டு பேர் உட்காரலாம், தம்பி, வாருங்கள்" என்றோம். அவர் விளிம்பில் ஒட்டிக்கொண்டு உட்கார்ந்தார். மற்றொருவர் புளிச்சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்தார். நால்வரும் உண்டோம். ஒரு மணி நேரத்தில் மழை ஓய்ந்தது. அவர்கள் தெற்கேயும் நாம் வடக்கேயும் பிரிந்தோம்.

பிறகு வானம் பல வேடம் போட்டது. கிராஞ்சி வரை சேறும் எதிர்காற்றும். உட்லண்ட்ஸ் கரையில் நின்று, 1924ஆம் ஆண்டில் திறப்புவிழாக் கண்ட கடற்பாலத்தையும் அக்கரை ஜொகூரையும் பார்க்கையில், சட்டை உடம்பிலேயே காயும்படி வெயில். செம்பவாங், ஈசூன் வழியே போகையில் தார்ச்சாலை ஆவி விட்டது. பொங்கோலில் மீண்டும் தூறல். இடையே ஒரு நடை மேம்பாலத்தில், சைக்கிளை விட்டிறங்கித் தள்ளிச் செல்லுமாறு பலகை கண்டு இறங்கினோம். விலையுயர்ந்த வண்டிக்காரர் ஒருவரும், மீன் வாங்கிப் போகும் மூதாட்டி ஒருவரும், நாமும் வரிசையாகத் தள்ளிப்போனோம். எவருக்கும் அதில் இழிவில்லை. எல்லாரும் இறங்கும் இடத்தில் இறங்குவது ஒழுங்கு. ஒருவன் மட்டும் இறங்குவதே சிறுமை.

சிராங்கூன் சாலையின் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் அவ்விளைஞர்களைத் தேடினோம், காணவில்லை. ஏறத்தாழ 70 கிலோமீட்டர் மிதித்து, அந்தி சாயக் கிளமெண்டி சேர்ந்தோம். சித்தி நம் சேற்றுக் கால்களைப் பார்த்தார். வானிலை பற்றி ஒன்றும் கேட்கவில்லை.

செவ்வாயன்று தோட்டத்துப் பாதையில் பெரியவர் எதிர்ப்பட்டார், வழக்கம்போல் இறங்கினார். நாமும் நம் சைக்கிளிலிருந்து இறங்கினோம். அவர் திகைத்து, "ஐயாவுக்கு டயர் பஞ்சருங்களா?" என்று கேட்டார். நாம் சொல்லிவைத்திருந்த சொற்களெல்லாம் மறந்துபோயின. "இல்லை, தாத்தா. இனி என்னைக் கண்டு இறங்க வேண்டாம். இத்தனை நாள் சொல்லாதது என் பிழை" என்று மட்டும் சொன்னோம். அவர் நெடுநேரம் கைப்பிடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் அவர் இறங்கவில்லை. மணியை ஒருமுறை அடித்துவிட்டுப் போனார். ஆயினும் நம்மைக் கடக்கும்போது அவருடைய இடக்கால் மிதியை விட்டுத் தரையை நோக்கித் தாழ்ந்தது. பிறகுதான் நினைவு வந்து மேலே ஏறிற்று. விதி ஒழிந்த பின்னும் பழக்கம் இவ்வளவு காலம் உயிரோடிருக்கிறது. கிராணித் தோழர்களே, அதை ஒழிக்கும் வேலை இறங்குகிறவருடையதன்று, நம்முடையது.