நான்கு ஆறுகள் தாண்டி அரங்கன்

சென்னையிலிருந்து திருவரங்கத்திற்குக் காரில் 300 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட பயணம். தாம்பரத்தைத் தாண்டுவதற்குள் பேரனுக்கும் பேத்திக்கும் சச்சரவு மூண்டது. மருமகள் கைப்பேசியை எடுத்தாள். "சற்றுப் பொறு அம்மா" என்று கூறி, குழந்தைகளின் நடுவே அமர்ந்தேன்.

"வழியில் நான்கு பெரிய ஆறுகள் வரும். பாலத்தை முதலில் காண்பவர் என் காதில் மட்டும் சொல்ல வேண்டும். அவருக்குக் கற்கண்டு, இருவருக்கும் கதை" என்றேன்.

செங்கல்பட்டுக்கு அப்பால் பாலாறு வந்தது. மதுராந்தகத்தில் ஏரிக்கரையைக் காட்டி, அடைமழை இரவில் கரை உடையுமோ என்று அஞ்சிய பிளேஸ் துரைக்கு, இராமபிரானும் இளைய பெருமாளும் வில்லேந்திக் காவல் நின்று காட்சியளித்த வரலாற்றைச் சொன்னேன். குழந்தைகள் மூச்சு விடாமல் கேட்டனர்.

காரோட்டிய மகன் மெல்லச் சொன்னான்: "இதை எனக்கு நீங்கள் சொன்னதே இல்லையே, அப்பா."

உண்மைதான். அலுவலகமே கதியென்றிருந்த நாட்களில் அவனுக்குக் கதை சொல்ல எனக்கு நேரம் இருந்ததில்லை. விடை கூற நா எழவில்லை. தென்பெண்ணையின் கதையைச் சற்று உரக்கவே சொன்னேன், அவனுக்கும் கேட்கட்டும் என்று.

வெள்ளாற்றைக் கடந்து கொள்ளிடப் பாலம் ஏறியபோது, 13 நிலைகளும் 236 அடி உயரமும் கொண்ட இராஜகோபுரம் தெரிந்தது. பேத்தி என் காதருகே வந்து, "தாத்தா, பெருமாள் வீடு!" என்றாள்.

கற்கண்டு இரண்டு மிஞ்சியிருந்தது. ஒன்றை அவளிடமும் மற்றொன்றை மகனிடமும் கொடுத்தேன்.