ஆமை யார்?

செஞ்சிக் கோட்டையைப் பார்த்திருக்கிறீர்கள் அல்லவா? அதன் அடிவாரத்திலே, 1999 கோடை விடுமுறையில்தான், என் மானம் கப்பலேறியது!

அமெரிக்காவிலிருந்து வந்திருந்த அத்தை மகன், 'மாரியோ' வீடியோ ஆட்டத்தைத் தன் வீட்டில் பத்து நிமிஷத்தில் முடித்துவிடுவானாம். நான் எங்கள் வீட்டு டெலிவிஷனில் ஆடிக் காட்டினேன். அப்பாவின் கைக்கடிகாரப்படி பன்னிரண்டு நிமிஷம். "ஆமை!" என்றான். இருபது வருஷத்துக்கு மேல் அந்தச் சொல் முள்ளாய்க் குத்திக்கொண்டிருந்தது.

சென்ற மாதம்தான் விஷயம் விளங்கிற்று. அந்நாளில் நம் டெலிவிஷனில் விநாடிக்கு 50 தடவை படம் மாறும். அமெரிக்காவில் 60 தடவை. ஆட்டக் கருவியும் அந்தத் தாளத்துக்கே அடியெடுத்து வைக்கும். அதற்கென்று திருத்தி அமைக்காத ஆட்டம் இங்கே ஆறில் ஒரு பங்கு மெதுவாகத்தான் நகரும். திரையில் ஓடும் கடிகாரமும் கூடவே மந்தமாகிவிடுவதால், சந்தேகமே எழாது! அவனுடைய பத்தும் என் பன்னிரண்டும் ஒன்றேதான், ஸ்வாமி!

இன்று இந்தப் பழைய ஆட்டங்களை விரைவில் முடிக்க உலகெங்கும் போட்டி போடுகிறார்கள். எந்தப் பிரதேசத்துக் கருவி என்று சொல்லியாக வேண்டும். பல ஆட்டங்களில் 50-க்கும் 60-க்கும் தனித்தனிக் கணக்கு.

ஊருக்கு வந்தவனிடம் இதைச் சொன்னேன். சற்று நேரம் பேசாமலிருந்தான். "சரி, ராஜகிரி ஏறலாம், வா! அங்கே இருவருக்கும் ஒரே படி" என்றான்.

பாதி வழியில் உட்கார்ந்துவிட்டான். நானா? அவனுக்கு முன்பே உட்கார்ந்திருந்தேன்!